அந்த மச்சம்

நேயர்களுக்கு வணக்கம். சஸ்பென்ஸ் நாவல்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாத நாவல் படித்தே வளர்ந்த ஆள் நான். பின்னட்டையில் ‘காணாமல் போன குழந்தை’ என்று இருந்தால் போதும், பையிலிருந்து காசை எடுத்துவிடுவேன். அந்தக் கதைகளில் ஒரு மச்சம் கட்டாயம் இருக்கும். இருபது வருஷம் கழித்து எவனோ ஒருவன் வாசலில் வந்து நிற்பான். சட்டைக் காலர் விலகும், மச்சம் தெரியும், அம்மா மயங்கி விழுவாள். எனக்கும் கண் கலங்கும். பாபி டன்பார் வழக்கைப் படித்ததிலிருந்து இந்த மச்சம் வரும் பக்கத்தில் மட்டும் எனக்குத் தடங்கிவிடுகிறது.

1912 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஓப்பலூசஸ் என்ற ஊரைச் சேர்ந்த டன்பார் குடும்பம், ஸ்வேஸ் ஏரிப் பக்கம் மீன்பிடிக்கப் போனது. நம் ஊர் ஏரி மாதிரி நினைத்துவிடாதீர்கள். சதுப்பு நிலம், முதலைகள் திரியும் இடம். அங்கே நான்கு வயது பாபி காணாமல் போனான். முதலைகளைப் பிடித்து வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். உடல் மேலே மிதந்து வரட்டும் என்று தண்ணீருக்குள் வெடி வெடித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

எட்டு மாதம் போனது. பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில், ஊர் ஊராகப் போய் பியானோ பழுது பார்க்கும் வில்லியம் வால்டர்ஸ் என்பவரோடு ஒரு பையன் இருப்பதாகத் தகவல் வந்தது. நிலையான வீடு வாசல் இல்லாத ஆள், கூடவே ஒரு சின்னப் பையன். சந்தேகத்துக்கு வேறென்ன வேண்டும்? இவன் பாபி இல்லை, எங்கள் வீட்டாரிடம் வேலை பார்த்த ஜூலியா ஆண்டர்சனின் மகன் புரூஸ் என்று வால்டர்ஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார்.

டன்பார் தம்பதி வந்து பார்த்தார்கள். இங்கேதான் வேடிக்கை. பையன் ‘அம்மா’ என்று கத்திக்கொண்டு பாய்ந்து கட்டிக்கொண்டான் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அவன் அழுதான், அந்த அம்மாவுக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்று இன்னொன்று எழுதியது. மறுநாள் பையனைக் குளிப்பாட்டும்போது மச்சத்தையும் தழும்பையும் பார்த்தார்கள். சரி, இவன் நம் பிள்ளைதான் என்று முடிவாயிற்று. ஓப்பலூசஸில் ஊர்வலம் வைத்து வரவேற்றார்கள்.

அப்புறம் ஜூலியா வந்தாள். பணக்காரி இல்லை, வயல்வேலை, வீட்டுவேலை செய்து பிழைத்தவள், கணவன் துணை இல்லாதவள். ஐந்து பையன்களைக் காட்டி, இதில் உன் மகன் யார் என்று கேட்டார்கள். பிரிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட குழந்தை. அவள் தடுமாறினாள். மறுநாள் பையனின் உடம்பைப் பார்த்த பிறகு, இவன்தான் என்று உறுதியாகச் சொன்னாள். யார் கேட்டார்கள்? முதல் நாள் தயங்கியது அந்த அம்மா என்றால் பாசத்தின் தவிப்பு, இவள் என்றால் பொய்க்காரி. அவளுடைய பிள்ளைகள் கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவர்கள் என்பதைப் பத்திரிகைகள் விலாவாரியாக எழுதின. பார்த்த உடம்பும் ஒன்று, மச்சமும் ஒன்று. யாருடைய கண்ணை நம்புவது என்பதில்தான் எல்லாமே இருந்தது.

1914இல் வால்டர்ஸுக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது ரத்தானது. மறுபடி வழக்கு நடத்தச் செலவு அதிகம் என்று விட்டுவிட்டார்கள். ஜூலியா, வால்டர்ஸுக்காகச் சாட்சி சொல்ல லூசியானாவுக்கு வந்தவள், பிறகு மிசிசிப்பியில் குடியேறிக் கல்யாணம் செய்து ஏழு பிள்ளைகள் பெற்றாள். ஊருக்குப் பிரசவம் பார்த்தாள். ‘உங்களுக்கு ஓர் அண்ணன் இருக்கிறான், டன்பார் வீட்டில்’ என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். பல வருஷம் கழித்து ஓர் ஆள் வந்து சும்மா பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனதாகவும், அவர்தான் அந்த அண்ணன் என்றும் அவர்களில் சிலர் சொன்னார்கள். இதை நாவலில் எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார், ரொம்பவும் சினிமாத்தனம் என்று.

பையன் பாபி டன்பாராகவே வளர்ந்தான், நான்கு பிள்ளைகளுக்கு அப்பாவானான், 1966இல் இறந்தான். நீங்கள் உண்மையிலேயே பாபிதானா என்று மகன் கேட்டபோது, நான் யார் என்று எனக்குத் தெரியும், நீ யார் என்றும் தெரியும், மற்றது எதற்கு என்கிற மாதிரி பதில் சொல்லியிருக்கிறார். நிம்மதியான பதிலா, தப்பிக்கிற பதிலா? நான் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று பார்த்துவிட்டேன்.

அவருடைய பேத்தி பழைய பத்திரிகைகளையும் வழக்குக் கட்டுகளையும் தோண்ட ஆரம்பித்தார். 2004இல் பாபியின் மகனுக்கும், பாபியின் தம்பி மகனுக்கும் மரபணுச் சோதனை செய்தார்கள். ஒரே தாத்தாவின் பேரன்கள் என்றால் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை. அவர் டன்பார் இல்லை என்பது மட்டும்தான் அந்தச் சோதனை சொன்னது. மற்றதை ஜூலியா தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

நாவல் என்றால் இதோடு ‘முற்றும்’ போட்டுவிடலாம். ஆனால் ஏரிக்கரையில் தொலைந்த அந்த நான்கு வயதுக் குழந்தை? 1913 ஏப்ரலில் ஊரே கூடி ஒரு பையனை வரவேற்றது. அன்றோடு பாபியைத் தேடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.