63 நிமிசமா தேஞ்சு போற ஒரு இசை

எல்லாருக்கும் வணக்கம், மட்டக்களப்பு கல்லடியில இருந்து கதைக்கிறன், பின்னால கேக்குற இரைச்சல் கடல்தான், ஜன்னலப் பூட்டினா வெக்க தாங்கேலாது, அதால அது அப்படியே இரிக்கட்டும். இண்டைக்கு சாப்பாடும் இல்ல ஊர் சுத்துறதும் இல்ல, ஒரு அல்பத்தப் பத்திக் கதைக்கப் போறன், ரெண்டு நாளா மண்டைக்குள்ள அதுதான் ஓடுது.

பேர் த டிஸின்டெக்ரேஷன் லூப்ஸ். செஞ்சவர் வில்லியம் பசின்ஸ்கி, அமெரிக்காக்காரர். ஆம்பியன்ட் எண்டு சொல்லுற வகை, பாட்டு வரி இல்ல, பீட் இல்ல, முதல் ட்ராக் மட்டுமே 63 நிமிசம். கொம்பு ஊதுற மாதிரி ஒரு சின்னத் துண்டு, சில செக்கன்தான், அதுவே திரும்பத் திரும்ப வருது. முதல் பத்து நிமிசத்துல நான் போன எடுத்து மெசேஜ் பாத்தன், உண்மையச் சொல்லுறன்.

மறுகா பாத்தா அந்தத் துண்டுல ஓட்ட விழத் தொடங்குது. முதல் சின்னதா ஒரு கரகரப்பு, பிறகு ஒரு இடத்துல சத்தம் வராம பொக்கெண்டு போகுது, அடுத்த சுத்துல அந்தப் பொக்க இன்னும் பெருசு, கடைசியில எலும்பு மட்டும் மிஞ்சின மாதிரி ஒரு மூச்சுச் சத்தம்.

நான் முதல்ல நினைச்சன் இது கம்ப்யூட்டர்ல போட்ட எஃபெக்ட் எண்டு. பிறகுதான் தேடிப் படிச்சன். அவர் 80களில செஞ்சு வெச்ச பழைய டேப் லூப்புகள, அதாவது ரெண்டு நுனியையும் ஒட்டி வட்டமா சுத்த விடுற நாடாத் துண்டுகள, 2001ல டிஜிட்டலுக்கு மாத்தியிருக்கார். டேப் எண்டா என்ன, பிளாஸ்டிக் நாடாவுல இரும்புத் துருப் பொடிய பசையால ஒட்டி வெச்சிருக்கிறதுதானே, அந்தப் பொடியிலதான் சத்தம் இரிக்கு. இருபது வருசப் பசை காஞ்சு போச்சு, ஓட ஓட பொடி உதிருது, உதிர்ந்த இடத்துல வெறும் பிளாஸ்டிக்தான் ஓடுது. மனுசன் நிப்பாட்டல்ல! முழுசா அழியிற மட்டும் ஓட விட்டுப் பதிஞ்சிருக்கார். அவர் அப்ப நியூயோர்க்ல, புரூக்ளின்ல இருந்தவர், 2001 செப்டெம்பர் 11 பின்னேரம் வீட்டு மொட்டை மாடியில இருந்து ரெட்டைக் கோபுரம் இடிஞ்ச புகைய வீடியோ எடுத்திருக்கார், அல்பத்துட அட்டையில இரிக்கிறது அந்தக் காட்சிதான். 2002ல வெளிவந்தது.

எங்கட வாவியில பௌர்ணமிக்குத் தோணியில போய், துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில காது வெச்சு மீன் பாடுறதக் கேப்பாங்களே, அந்த மாதிரி மூச்ச அடக்கித்தான் இதக் கேக்கணும், ஹெட்போன் போட்டு, லைட்ட நூத்துட்டு.

எனக்கு ஏன் இது இவ்வளவு பிடிச்சிச்சு எண்டா, எங்கட வீட்டுல அப்பப்பாட கசெட் ஒண்டு இரிக்கு. வடமோடிக் கூத்து, அவர் ஆடினது, ஊர்க் களரியில ஆரோ ரெக்கோட் பண்ணிக் குடுத்தது. சின்ன வயசுல கேட்ட நேரம் சல்லரி, அதான் கைத்தாளம், கணீர் எண்டு கேக்கும். கடைசியாப் போட்டுப் பாத்த நேரம் மத்தளம் மட்டும் மும்மும் எண்டு இரிக்கு, சல்லரியக் காணல்ல, அப்பப்பாட குரல் போர்வைக்குள்ள இருந்து வாற மாதிரி. டேப் தேஞ்சா கூரான சத்தங்கள்தான் முதல்ல போகுமாம். நான் பழுதாப் போச்செண்டு மேசை லாச்சிக்குள்ள போட்டுட்டன், அஞ்சு வருசம். இந்த அல்பம் கேட்டு முடிஞ்ச உடனே எழும்பிப் போய் அதத்தான் எடுத்தன்.

எங்கட ஊர் ஈரத்துல நாடாவுல வெள்ளையா பூஞ்சணம் பிடிச்சிரிக்கு. இனிமேத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கப் பயம், ஒரே ஒரு தரம்தான் போடப் போறன், அந்த ஒரு தரத்துலயே பதிஞ்சிரணும், இடையில அறுந்தா அறுந்தபடியே. வாற சனிக்கிழமை மாமாட ரெக்கோடர இரவலாக் கேட்டிரிக்கன். பூஞ்சணம் எப்படித் துடைக்கிற எண்டு தெரிஞ்ச ஆக்கள் இருந்தா சனிக்கு முதல் சொல்லுங்க, பிளீஸ்.