ஊர்ச் சாப்பாடு கட்டுப்படியாகும்!

நடுவர் அவர்களே, ஜோகன்னஸ்பர்க் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம்.

'தென்னாப்பிரிக்காவில் ஊர்ச் சாப்பாடு கட்டுப்படியாகுமா?' ஆகவே ஆகாது என்று எதிரணி ஐயா ஒரு கடை ரசீதைத் தூக்கிக் காட்டினார். இட்லி மிக்ஸ், சாம்பார் பொடி, உறைந்த பரோட்டா, டப்பாத் தேங்காய்ப்பால். ஐயா, அது ஊர்ச் சாப்பாட்டின் விலையா? ஊறவைக்காமல், அரைக்காமல் சாப்பிட நினைத்ததன் விலை!

ரசீதின் அடியைப் படித்தீர்களா? வாட், அதாவது மதிப்புக்கூட்டு வரி, 15 சதவீதம். அரிசி, பருப்பு, காய்கறிக்கு இந்த நாட்டில் வாட் பூச்சியம். அதே அரிசியும் உளுந்தும் 'மிக்ஸ்' என்று பட்டம் வாங்கிப் பாக்கெட்டில் ஏறினால் 15.

இட்லி அரிசிக்கு எங்கே போவது என்றார் அம்மையார். எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் நீளப் புழுங்கலரிசி இருக்கிறதே! நாலு கப் அரிசிக்கு ஒன்றேகால் கப் முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம், ஒரு கைப்பிடி அவல். இட்லி அரிசிக்கு ஒரு கப் உளுந்தே போதும். நீள அரிசி சற்று விறைக்கும், அதனால்தான் அந்தக் கால் கப்பும் அவலும். ஐந்து மணி நேர ஊறல். ஐம்பது இட்லிக்குக் குறையாது.

"அரைத்தாலும் பொங்கவில்லையே, அத்தனையும் வீண்தானே?" நியாயமான கேள்வி. ஜூலையில் இங்கே இரவு ஐந்து டிகிரிக்கும் கீழே இறங்கும். மாவை அடுப்பு மேடையில் விட்டால் காலையில் அப்படியே கிடக்கும். ஓவனுக்குள் வைத்து, சூட்டைப் போடாமல், உள்விளக்கை மட்டும் எரியவிடுங்கள். பதினான்கு மணி நேரம் கொடுங்கள். அப்போதும் எழவில்லையா, உளுந்தைச் சந்தேகப்படுங்கள். கப்பலில் வந்து கடை அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கிய உளுந்து நுரைக்காது. மஞ்சளித்ததை வாங்காதீர்கள். மிக்ஸியில் அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீர் விடுங்கள், மாவு சூடேறக்கூடாது.

நாம் இருப்பது சுமார் 1,700 மீட்டர் உயரம். தண்ணீர் இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் பத்து நிமிடத்தில் வேகும் இட்லிக்கு இங்கே பதிமூன்று. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வேகவைத்து கேஸைக் கரைத்துவிட்டு விலைவாசியைத் திட்டக்கூடாது. குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள், புளி பருப்பு மசிந்த பிறகு.

கறிவேப்பிலையா? கடலோர நகரமான டர்பனில் வீட்டுக்கு வீடு மரம். இங்கே உறைபனி கருக்கிவிடும் என்பதால் பெரிய தொட்டியில் வைத்து மே முதல் ஆகஸ்ட் வரை வீட்டுக்குள் இழுத்துவிடுங்கள். ஆறு இணுக்குப் பொட்டலத்துக்கு ரேண்டை எண்ணவேண்டாம்.

"இதெல்லாம் ஒப்பேற்றல், அசல் இல்லை" என்று முகம் சுளித்தார் கடைசியாகப் பேசிய தம்பி. தம்பி, 1860இல் இந்த நாட்டின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் சந்ததியினர் டர்பன் மாரியம்மன் கோயில்களில் ஆடிக் கூழை மக்காச்சோள மாவில்தான் காய்ச்சுகிறார்கள். ஆத்தா கோபித்ததாகத் தகவல் இல்லை!

நல்லெண்ணெய்க்கும் பெருங்காயத்துக்கும் மாற்று இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அவற்றைக் காசு பார்க்காமல் நல்லதாக வாங்குங்கள். பெருங்காயம் சிட்டிகைதான் செலவாகும், ஒரு டப்பா மாதக்கணக்கில் வரும். ஆனால் எதிரணி ரசீதில் வீட்டிலேயே செய்ய முடியாத சாமான் எது? எழுந்து சொல்லட்டும், நடுவர் அவர்களே.