ரயில் சுலபம், கடைசி இரண்டரை கிலோமீட்டர்தான் பாடு

வணக்கம். படம் கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் ஃபோன், இன்னொரு கையில் மடித்த சைக்கிள். பிளாட்ஃபாரத்தில் நிற்கிறேன். எதிர்ப்பக்கம் காட்டுகிறேன் பாருங்கள், நகரத்துக்குள் வருகிற ரயில், நிற்கக்கூட இடமில்லை. இப்போது என் பக்கம். பெஞ்சு காலி. ஊரே உள்ளே வரும் நேரத்தில் நான் வெளியே போகிறவன். வீடு நகரத்தில், ஆபீஸ் புறநகரில், கார் கிடையாது.

‘கார் இல்லாமல் அவ்வளவு தூரமா’ என்று கேட்கிறவர்கள் எல்லோரும் ரயிலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ரயிலில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. தினமும் ஜன்னலோரம் கிடைக்கிறது. இறங்கிய ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் இரண்டரை கிலோமீட்டர் இருக்கிறதே, அதுதான் ஆளைப் பாடாய்ப் படுத்துகிறது.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். புறநகரில் வீடு, நகரத்தில் வேலை என்று இருப்பவருக்கு, ஸ்டேஷனிலிருந்து தள்ளி இருப்பது அவருடைய வீடு. அந்த முனையில் அவருடைய சைக்கிளோ ஸ்கூட்டரோ இருக்கும். நகரத்தில் இறங்கினால் நாலு எட்டில் ஆபீஸ். எனக்கு அப்படியே தலைகீழ். என் வீட்டிலிருந்து ஸ்டேஷன் எட்டு நிமிட நடை. தூரம் எல்லாம் அந்தப் பக்கம், அங்கே எனக்கு வண்டி கிடையாது. இந்த ஒன்று புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

சரி, ரயில் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து பேசுகிறேன்.

ம், உட்கார்ந்தாயிற்று. முதலில் நடந்துதான் பார்த்தேன். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டரை கிலோமீட்டர் என்றால் அரை மணி நேரம். நேரத்தைக்கூட மன்னித்துவிடலாம். ஸ்டேஷன் வாசலில் நின்றாலே எங்கள் கட்டடம் தெரியும். நூல் பிடித்தாற்போல் போனால் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் நெடுஞ்சாலை, அதற்கப்புறம் கம்பி வேலி, அதற்கப்புறம் கால் மைலுக்கு பார்க்கிங். இந்த வளாகங்களை நெடுஞ்சாலையில் இறங்கித் திரும்பும் காருக்காகக் கட்டியிருக்கிறார்கள். நடந்து ஒருவன் வருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

முதல் நாள் கேட்டில் வாட்ச்மேன் நோட்டை எடுத்தார். பெயர், நேரம், வண்டி எண், கையெழுத்து. ‘வண்டி நம்பர் சொல்லுங்க சார்’ என்றார். நடந்து வந்தேன் என்றேன். என் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தார். காரை எங்கேயோ மறைத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ! கடைசியில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். கட்டத்தைக் காலியாக விட அவருக்கு மனசு வரவில்லை.

அடுத்தது பஸ். 20 நிமிடத்துக்கு ஒன்று என்று போர்டில் போட்டிருக்கும். சராசரியாக 10 நிமிடம் காத்திருப்போம் என்றுதானே நினைப்போம்? நானும் நினைத்தேன். பஸ்கள் ஒட்டிக்கொண்டு வருவதைக் கணக்கில் எடுக்கவில்லை. முதல் பஸ் தாமதமானால் ஸ்டாப்பில் கூட்டம் சேரும், கூட்டத்தை ஏற்ற இன்னும் தாமதமாகும், பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஏற்ற ஆளே இல்லாமல் அது விரட்டிப் பிடித்துவிடும். ஆக ஒரு இடைவெளி 35 நிமிடம், அடுத்தது 5 நிமிடம். சராசரி இன்னும் 20தான், போர்டு பொய் சொல்லவில்லை. ஆனால் நாம் போய் நிற்பது பெரும்பாலும் அந்த 35 நிமிட ஓட்டைக்குள்ளேதான். கணக்குப் போட்டால் சராசரிக் காத்திருப்பு பதினைந்தரை நிமிடத்துக்கு மேல் வருகிறது. எனக்கு மட்டும் ராசி இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன். ராசி இல்லை, கணக்கு.

சுவிட்சர்லாந்தில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். 1982லிருந்து நாடு முழுக்க ரயில் ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிடத்தில் வரும். அதை வைத்து, ரயில் வந்து நிற்கும்போது பஸ்ஸும் வெளியே காத்திருக்கும்படி அட்டவணை போடுகிறார்கள். என் ஸ்டேஷனில் நான் படியிறங்கும்போது பஸ்ஸின் பின்பக்கம் மட்டும் தெரியும்.

நெதர்லாந்தில் வேறு மாதிரி. அலுவலகப் பக்கத்து ஸ்டேஷனில் பழைய சைக்கிள் ஒன்றை விட்டுவைக்கிற வழக்கம் அங்கே உண்டு. இல்லாதவர்களுக்கு ஸ்டேஷனிலேயே ‘ஓவி-ஃபீட்ஸ்’ என்று வாடகை சைக்கிள். நானும் பழைய சைக்கிள் ஒன்றை விட்டுப் பார்த்தேன். மூன்றாவது வாரம் சீட்டைக் காணோம். சீட் இல்லாமல் இரண்டரை கிலோமீட்டர் ஓட்டிய கதையை இன்னொரு நாள் சொல்கிறேன், இப்போது வேண்டாம்.

கடைசியில் வந்து நின்றது இந்த மடிக்கும் சைக்கிளில். பின்சக்கரத்தை அடியில் சுருட்டு, நடுவில் இருக்கிற கீலைத் திற, ஹேண்டிலை மடி. ஆரம்பத்தில் இரண்டு நிமிடம் ஆகும், கை நசுங்கும்; இப்போது இருபது விநாடி. 16 அங்குலச் சக்கரம், 12 கிலோ. படியில் தூக்கும்போது அந்த 12 கிலோவும் தெரியும். சின்னச் சக்கரம் என்பதால் சாலைக் குழி ஒவ்வொன்றும் முதுகெலும்பில் வந்து பேசும். மடித்தபின் செயின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கால்பக்கம் வைத்து நின்றால்... இதோ, இந்த பேன்ட். துவைத்தும் போகவில்லை.

வியர்வை பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முதுகுப்பையை விட்டுவிட்டு, பையை வண்டியில் மாட்டுங்கள். பாதி தீர்ந்துவிடும். மீதிக்கு ஆபீஸ் டிராயரில் ஒரு சட்டை, ஒரு துண்டு.

நேரம்? வாசலிலிருந்து வாசலுக்கு ஐம்பது நிமிடம். செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994ல் எழுதினார்: மனிதர்கள் எந்த வாகனம் வந்தாலும் ஒரு நாளில் மொத்தம் சுமார் ஒரு மணி நேரம்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று. நான் அதைத் தாண்டிவிட்டேன். ரயிலில் இருக்கும் 25 நிமிடத்தை நான் பயணத்தில் சேர்ப்பதில்லை, அது தூக்கம்.

ஸ்டேஷன் வருகிறது. ஓட்டும்போது பேச மாட்டேன். சாயங்காலம் பார்ப்போம்.

சரி, சாயங்காலம். இருட்டிவிட்டது, முகம் தெரிகிறதா? நீங்கள் தொடங்குவதாக இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தேன், அது தப்பு. அன்றைக்குச் சாலையில் லாரி கிடையாது. வேலை நாளில் பாருங்கள், அதுவும் திரும்பி வருகிற வழியை, இருட்டில். காலையில் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடுவோம். மீட்டிங் இழுத்து, கடைசி பஸ்ஸும் போய், நடைபாதையும் விளக்கும் இல்லாத ஓரத்தில் நிற்கும்போதுதான் கார் வாங்கும் எண்ணம் வரும். எனக்கு மூன்று முறை வந்தது. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு, இரண்டும் சார்ஜ் ஏறியிருக்க வேண்டும்.

அந்த வாட்ச்மேன் இப்போது என்னிடம் எதுவும் கேட்பதில்லை. இன்றைக்கு நோட்டை எட்டிப் பார்த்தேன். வண்டி எண் கட்டத்தில் கோடு. பெயர் கட்டத்தில் ‘சைக்கிள் சார்’.

ரயில் வருகிறது. மடிக்க இரண்டு கையும் வேண்டும், நிறுத்துகிறேன்.