பூஞ்சை பிடிப்பதற்குள்

(குன்னூரில் நூலக வாசகர் வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும், கடைசிப் பஸ் போய்விடுமோ என்று பின்வரிசையில் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வீடியோ கேமைப் பற்றி நூலகத்தில் பேச என்ன இருக்கிறது என்று வாசலிலேயே ஒரு பெரியவர் கேட்டார். பதில் சொல்வதற்கு முன் ஒரு வாக்குமூலம். 1990களின் கடைசியில் இதே ஊரில், மணிக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை டிவி கேம் விளையாட விட்டவன் நான். கடையில் இருந்த கேசட்டுகளில் ஒன்றுகூட அசல் கிடையாது. மேலே ‘9999 இன் 1’ என்று அச்சடித்திருக்கும். பொறுமையாக எண்ணினால் உள்ளே முப்பது விளையாட்டு தேறும். அந்த முப்பதுதான் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். மரியோவைச் செய்தவர் ஜப்பான்காரர் என்பது கடையை மூடிய பிறகுதான் எனக்கே தெரியும். ஆகவே திருட்டு நகலைப் பற்றிப் பேச இந்த மேடையில் என்னைவிடத் தகுதியானவர் இல்லை.

இந்த மஞ்சள் கேசட்டைப் பாருங்கள். அடியில் பல்வரிசை மாதிரி பித்தளை நிறத்தில் தெரிகிறதே, அதன் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது. படம் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? கழற்றி, வாயால் ஊதி, மறுபடி சொருகுவோம். படம் வந்தது ஊதியதால் அல்ல. கழற்றிச் சொருகியதால் வந்தது. ஊதியதில் போன ஈரம் மட்டும் உள்ளேயே தங்கிக் களிம்பாயிற்று. நம் ஊர் மழைக்காலம் மீதி வேலையைச் செய்தது. துவைத்த துணி நான்கு நாள் காயாத ஊர் இது. ஒரு ஜூலையில் குறுந்தகடு உறைகளைத் திறந்தேன். தகட்டின் மேல் பூஞ்சை கோலம் போட்டிருந்தது. அன்றிலிருந்து அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்று எரிகிறது. மின்கட்டணம் வரும்போதெல்லாம் என் மனைவி அந்தப் பல்பைத்தான் பார்க்கிறாள்.

பல்பு எரித்துக் காப்பாற்ற இவற்றுக்கு என்ன மதிப்பு? கடையில் வாங்கிக்கொள்ளலாமே? அங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்றுக்காகவே நடக்கும் ஓர் அறக்கட்டளை 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அந்த நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு அப்போது விற்பனையில் இல்லை. நூறு புத்தகத்தில் பதின்மூன்றுதான் கடையில் உண்டு, மீதிக்குப் பழைய பேப்பர்க்காரரைத் தேடு என்றால் இந்த அரங்கம் ஒப்புக்கொள்ளுமா?

புதியவை பத்திரமாக இருக்கின்றன என்று நினைக்காதீர்கள். ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் தன் 3டிஎஸ், வீ யூ ஆகிய இரண்டு விளையாட்டுக் கருவிகளுக்கான இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடியது. அங்கே மட்டும் கிடைத்தவை அன்றோடு விற்பனையிலிருந்து போயின. யூபிசாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. சர்வரோடு இணைந்தால்தான் அது ஓடும்; முழு விலை கொடுத்துத் தகடு வாங்கியவர் கையில் தகடு இருக்கிறது, விளையாட்டு இல்லை. ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு, இப்படிக் கொல்லக்கூடாது என்று மனுக் கொடுத்திருக்கிறார்கள். செய்தவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2002இல் வந்த ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ விளையாட்டைப் பத்தாண்டு கழித்துப் புதுப்பிக்க உட்கார்ந்தபோது, மூலக் கோப்புகள் செய்த நிறுவனத்திடமே இல்லை. பலவற்றைத் திரும்பச் செய்யவேண்டி வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? அதற்கு நாம் ஊட்டி வரைக்கும் போனால் போதும். ஸ்னூக்கர் விளையாட்டின் விதிகளை நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி 1882இல் ஊட்டி கிளப்பில்தான் எழுதி மாட்டினார். விளையாட்டு உலகம் முழுக்கப் போயிற்று. ஒருவரும் ஊட்டிக்குக் கப்பம் கட்டவில்லை. ஏனென்றால் விதி யாருக்கும் சொந்தமில்லை. செங்கல்லை அடுக்கி வரிசையை அழிக்கும் விளையாட்டை நீங்களும் எழுதலாம், நானும் எழுதலாம். ஆனால் ஒருவர் எழுதிய நிரலும், வரைந்த படமும், போட்ட இசையும் அவருடையவை. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்கிறது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை. அறுபது ஆண்டு! என் அலமாரிப் பல்பு அதுவரை தாங்காது.

அதே சட்டம், முறையாக வாங்கிய நிரல் கெட்டுப்போகாமல் இருக்கக் காப்பு நகல் ஒன்று எடுத்துக்கொள்ள விடுகிறது. 2012இல் நூலகங்களுக்கும் ஒரு சலுகை வந்தது: பாதுகாப்புக்காக ஒரு படைப்பை மின்வடிவில் சேமிக்கலாம், அதன் மின்வடிவம் அல்லாத படி நூலகத்தில் ஏற்கெனவே இருந்தால். வீடியோ கேமுக்குக் காகிதப் படி எங்கே இருக்கிறது? பிறந்ததே மின்வடிவில்தான். சலுகையை எழுதியவர் மனத்தில் புத்தகம் மட்டுமே இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவிலும் இதே கதைதான். பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பார்க்க நூலகங்களை அனுமதியுங்கள் என்ற கோரிக்கையை அந்த நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் தள்ளிவிட்டது.

உடனே பின்வரிசையில் ஒரு தம்பி முகம் மலர்வதைப் பார்க்கிறேன். “அப்படியானால் இறக்கிக்கொள்ளலாம்தானே ஐயா?” இல்லை தம்பி. போன மாதம் வந்த விளையாட்டை, காசு கொடுத்தால் கிடைப்பதை, நகலெடுத்து விளையாடுவது திருட்டுத்தான். பத்தாண்டு அதைச் செய்து வயிறு வளர்த்தவன் சொல்கிறேன். நாலைந்து பேர் கடன் வாங்கிச் செய்த விளையாட்டு வெளியான அன்றே நகலாகிப்போனால், அவர்கள் அடுத்ததைச் செய்யமாட்டார்கள். “நிறுவனம் பெரியது, அதற்கென்ன நட்டம்” என்பது, எஸ்டேட் பெரியது, நான்கு மூட்டை கொழுந்து போனால் என்ன என்பதைப் போன்ற பேச்சு.

எமுலேட்டர் வேறு விஷயம். பழைய கருவியைப் போல நடிக்கும் நிரல் அது. அதை எழுதுவது குற்றமில்லை. சோனி தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் செய்த எமுலேட்டருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இன்று விற்பனையில் இருக்கும் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவி விளையாட்டுகளைக் கணினியில் ஓடவைத்த எமுலேட்டரைச் செய்த யூசு குழுவோ, நிண்டெண்டோ வழக்குப் போட்டதும் 2024 மார்ச்சில் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையைக் கட்டியது. அங்கே பிரச்சினை நடிப்பில் இல்லை, நகலெடுக்காமல் தடுக்கும் பூட்டை உடைத்ததில்.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு நம் பக்கத்தில் நடந்தது. நாகர்கோவில் சுந்தர்ராஜ் 1933இல் ‘மார்த்தாண்டவர்மா’ என்ற மௌனப் படம் எடுத்தார். கதை, மலையாள எழுத்தாளர் சி.வி. ராமன்பிள்ளையின் நாவல். அதன் உரிமை திருவனந்தபுரத்துக் கமலாலயா புத்தக நிலையத்திடம் இருந்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். படம் திரையிலிருந்து இறங்கியது. படச்சுருள் பறிமுதலாகிப் பதிப்பாளர் கைக்குப் போயிற்று. சுந்தர்ராஜுக்குப் பெருத்த அடி. ஆனால் தென்னிந்திய மௌனப் படங்கள் அநேகமாக எல்லாமே அழிந்துபோக, இந்தச் சுருள் மட்டும் புத்தகக் கடையிலேயே கிடந்தது. 1974இல் புனே தேசியத் திரைப்படக் காப்பகம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. படத்தைப் புதைத்ததும் பதிப்புரிமைதான், காப்பாற்றியதும் அதுதான். ஆனால் காப்பாற்றியது தற்செயல். மற்றப் படங்களுக்கு வழக்குப் போட ஆளில்லை, அவை போய்விட்டன.

தற்செயலை நம்பாமல் இருக்க நமக்கு ஒரு சொல் ஏற்கெனவே உண்டு: நாட்டுடைமை. பாரதி பாடல்களின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கியது, பின்பு மக்களுக்கே விட்டது. அதன் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை, குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து, அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. உரியவருக்குப் பணமும் போகிறது, நூலும் சாவதில்லை. பல ஆண்டாக விற்கப்படாத, விற்கும் எண்ணமும் இல்லாத விளையாட்டுக்கு இதே வழியை ஏன் கேட்கக்கூடாது? நிறுவனம் மறுபடி விற்கட்டும், யார் தடுத்தார்கள்? விற்காவிட்டால் நூலகத்தில் ஒரு படி இருக்கட்டும், வந்தவர் உட்கார்ந்து பார்த்துப் போகட்டும். அரசியல்வாதிகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். சினிமாவை ஆவணம் என்றபோதும் சிரித்திருப்பார்கள்.

சட்டம் மாறும்வரை ஒரு சின்ன வேலை. மேல்மாடியில் உள்ள மர அலமாரியை நூலகர் ஒதுக்கித் தந்திருக்கிறார். என் கள்ளக் கேசட்டுகளைக் காட்டினேன், வேண்டாம் என்றுவிட்டார், சரியாகத்தான் சொன்னார். அசல் தகடு, கேசட், ஃப்ளாப்பி, அட்டைப் பெட்டி, கூட வந்த விளக்கப் புத்தகம் எதுவானாலும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கொண்டுவாருங்கள். பெயர், வந்த ஆண்டு, எந்தக் கருவியில் ஓடும் என்பதைப் பதிவேட்டில் எழுதி வைப்போம். தகட்டின் மேல் பேனாவால் எழுதாதீர்கள், உறையின் மேல் எழுதுங்கள். பல்பு நான் தருகிறேன். கேசட் கொண்டுவருகிறவர்கள், வழியில் பழக்கதோஷத்தில் ஊதிவிடாமல் கொண்டுவாருங்கள்.