கிளாமரும் கிராமரும் ஒரே வார்த்தையா? ஸ்காட்லாந்துக்காரங்க பண்ணின வேலை!

"கிளாமருக்கு மாறிய நடிகை"ன்னு சினிமா நியூஸ்ல தலைப்பு பாத்திருப்பீங்க. ஸ்கூல்ல இங்கிலீஷ் மிஸ் கிராமர் கிராமர்னு உயிரை எடுத்ததும் ஞாபகம் இருக்கும். ரெண்டும் ஒரே வார்த்தைதான்னு சொன்னா நம்புவீங்களா? சத்தியமாங்க.

ஸ்காட்ஸ்ங்கிறது ஸ்காட்லாந்துல பேசுற மொழி, இங்கிலீஷோட கூடப்பிறந்தது, அங்கயே பேசுற கேலிக் வேற இது வேற. வரலாறு இவ்ளோ போதும், மேட்டருக்கு வாங்க.

அந்தக் காலத்துல கிராமர்னா லத்தீன் இலக்கணம், படிப்புன்னாலே கிட்டத்தட்ட அதுதான். இப்ப யோசிங்க, ஊர்ல முக்காவாசி பேருக்கு எழுத்தே தெரியாது, ஒருத்தன் மட்டும் தடியா ஒரு புக்கை வச்சுகிட்டு புரியாத பாஷையில முணுமுணுக்கிறான், சனம் என்ன நினைக்கும்? சூனியம் வைக்கிறான்னுதானே! அப்படியே கிராமருக்கு மாந்திரீகம்னு ஒரு அர்த்தம் ஒட்டிக்கிச்சு. ஸ்காட்ஸ்காரங்க வாயில 'ரா' போய் 'ளா' வந்துச்சு, கிராமர் கிளாமர் ஆயிடுச்சு. அர்த்தம் என்ன தெரியுமா? நம்ம கண்கட்டு வித்தை இருக்குல்ல, அச்சு அசல் அதேதான்.

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1789ல ஒரு கவிதையில கிளாமரையும் கிராமரையும் அடுத்தடுத்த வரியில இயைபா வச்சு விளையாடியிருக்காரு, மனுஷனுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு பாருங்க. அதே ஊர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1805ல எழுதினது இன்னும் சூப்பர். கிளாமர் போட்டா பாதாளச் சிறை சுவத்துல தொங்குற ஒட்டடை அரண்மனைத் திரைச்சீலையா தெரியுமாம், கொட்டை ஓடு தங்கமுலாம் போட்ட படகா தெரியுமாம். ஏங்க, இன்ஸ்டா ஃபில்டர் வேற என்ன பண்ணுது? என்னைக் கேட்டா பழைய அர்த்தம்தான் இன்னிக்கும் கரெக்ட்.

ஸ்லோகன்? அதுவும் அங்க இருந்துதான், கேலிக்ல படையோட போர்க்கூச்சல், இப்ப சோப்பு விளம்பரத்துல வந்து உக்காந்திருக்கு.

அப்புறம் பனி, அதாங்க ஸ்நோ. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துல 2015ல எண்ணிப் பாத்தா பனி சம்பந்தமா ஸ்காட்ஸ்ல 421 சொல்லு! அதுல என் ஃபேவரிட் 'ஃபீஃபில்', தெருமுனை திரும்புற இடத்துல பனி சுழண்டு சுழண்டு அடிக்குமே, அதுக்குன்னே தனியா ஒரு வார்த்தை வச்சிருக்கான்.

கடைசியா ஒண்ணு, சாப்பிட்டுகிட்டே பாக்குறவங்க மன்னிச்சிடுங்க. அந்தக் காலத்துல ஸ்காட்லாந்து தலைநகர் எடின்பரோல அடுக்குமாடி ஜன்னல்ல இருந்து ராத்திரி கழிவுத் தண்ணிய தெருவுல ஊத்துறதுக்கு முன்னாடி "கார்டிலூ!"ன்னு கத்துவாங்க, தண்ணி வருது ஜாக்கிரதைங்கிற மாதிரி பாதி பிரெஞ்சு. பார்ட் 2 வேணும்னா கமெண்ட்ல கார்டிலூன்னு போடுங்க, ஊத்திடறேன்.