டான் ஸ்டேலியோட பெஞ்ச்: அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால்ல ஒரு கோச் எப்படி ஜெயிக்கிறாங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு சவுத் கரோலினா யுனிவர்சிட்டி பெண்கள் டீமோட ஹெட் கோச் டான் ஸ்டேலியைப் பத்திப் பேசுவோம். 2017, 2022, 2024னு மூணு தேசிய சாம்பியன்ஷிப். டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்க டீமுக்கு கோச்சா தங்கம். இந்தப் பட்டியல் எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒரு வருஷம் ஒரே டீம்கிட்ட தோத்து, அடுத்த வருஷம் அதே டீமை ஃபைனல்ல ஜெயிச்சாங்க பாருங்க, நடுவுல என்னத்த மாத்துனாங்க? என்னைக் கேட்டா அவங்க கோச்சிங் முழுக்க அதுலதான் இருக்கு.

முதல்ல பின்னணி, சட்டுனு சொல்லிடறேன். ஃபிலடெல்ஃபியாவோட வடக்குப் பக்கம், ஏழைங்களுக்கு அரசாங்கம் கட்டிக் கொடுத்த குடியிருப்புல வளந்தவங்க. உயரம் அஞ்சடி ஆறு அங்குலம்தான், பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தற ஆள். வர்ஜீனியா யுனிவர்சிட்டிக்கு ஆடி மூணு தடவை ஃபைனல் ஃபோர் (தேசியப் போட்டியோட கடைசி நாலு டீம்) போனாங்க, ஒரு தடவை கூட கோப்பை கிடைக்கல. 1991 ஃபைனல்ல டென்னஸிகிட்ட ஓவர்டைம்ல 70-67. தோத்த டீம்ல இருந்தும் அந்தத் தொடரோட சிறந்த ஆட்டக்காரி விருது இவங்களுக்குத்தான் போச்சு. அப்புறம் 1996, 2000, 2004ல ஆட்டக்காரியா மூணு ஒலிம்பிக்ஸ் தங்கம்.

2000ல டெம்பிள் யுனிவர்சிட்டி கோச் வேலைக்குக் கூப்பிட்டப்போ இவங்களுக்கு அதுல ஆசையே இல்ல. இன்னும் அமெரிக்கப் பெண்கள் புரோ லீக்கான டபிள்யூஎன்பிஏல ஆடிட்டு இருந்தாங்க. ஒத்துக்கிட்டு, 2006 வரைக்கும் வெயில் காலத்துல ஆட்டம், குளிர் காலத்துல கோச்சிங். ரெண்டு சீசனும் ஒண்ணு மேல ஒண்ணு விழாததாலதான் அது முடிஞ்சுது. எட்டு வருஷத்துல ஆறு தடவை டெம்பிளை தேசியப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

2008ல சவுத் கரோலினா. முதல் சீசன் 10 ஜெயிப்பு, 18 தோல்வி. அடுத்தது 14-15. இந்த ரெண்டு வருஷத்தை யாரும் பேசறதில்ல, ஆனா காலேஜ் கோச் வேலை எப்படின்னு புரியணும்னா இதைத்தான் பாக்கணும். அப்போ காலேஜ்ல ஆளை விலைக்கு வாங்கிட முடியாது. பத்தாவது, பதினொண்ணாவது படிக்கிற பொண்ணு வீட்டுக்கு நடக்கணும், அம்மா அப்பாகிட்ட பேசணும், அந்தப் பொண்ணு வந்து இறங்கவே ரெண்டு மூணு வருஷம் ஆயிடும். ஏஜா வில்சன் அந்தக் காலேஜ் இருக்கற கொலம்பியா ஊருக்குப் பக்கத்துலேயே வளந்த பொண்ணு. 2014ல சேர்ந்தாங்க. 2015ல முதல் ஃபைனல் ஃபோர், 2017ல முதல் கோப்பை. பக்கத்து ஊர் பொண்ணு ஆடறான்னா ஊரே வந்து உக்காரும். பதினெட்டாயிரம் பேர் உக்கார்ற அரங்கு, 2014-15ல இருந்து வருஷா வருஷம் நாட்டுலயே அதிகக் கூட்டம் வர்ற பெண்கள் டீம் இதுதான்.

சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம். 2023 மார்ச் 31, டாலஸ், செமிஃபைனல். சவுத் கரோலினா அந்த சீசன்ல 36-0. எதிர்ல அயோவா யுனிவர்சிட்டி, அதாவது அவங்க நட்சத்திர கார்டு கெய்ட்லின் கிளார்க். 77-73, அயோவா ஜெயிச்சுது. ரீபவுண்ட், அதாவது ஷாட் தப்பின பந்தைப் பிடிக்கற கணக்கு பாத்தா தலை சுத்தும். சவுத் கரோலினா 49, அயோவா 25. இவ்வளவு பந்தை எடுத்தும் எப்படி தோப்பீங்க?

இப்படித்தான். சவுத் கரோலினால ரேவன் ஜான்சன்னு ஒரு கார்டு, அப்போ தூரத்துல இருந்து ஷாட் அவ்வளவா விழாது. அயோவா அவங்களை மூணு பாயின்ட் கோட்டுல தனியா விட்டுட்டு, அவங்களைப் பிடிக்க வேண்டிய ஆளை பெயின்ட்டுக்குள்ள (கூடைக்கு முன்னாடி வர்ணம் பூசின பகுதி) நிறுத்துச்சு. கிளார்க் வேற, "போ, போட்டுக்கோ"ங்கற மாதிரி கையை வீசிட்டுத் திரும்பிப் போனாங்க, அந்த வீடியோ உங்கள்ல பல பேர் பாத்திருப்பீங்க. இதனால சவுத் கரோலினாவோட உயரமான சென்டர் அலியா பாஸ்டன் கைக்கு உள்ள பந்து வந்தா சுத்தி மூணு உடம்பு. போதாததுக்கு பாஸ்டன் முதல் குவார்ட்டர்லயே ரெண்டு ஃபவுல் வாங்கி, முதல் பாதியில ரொம்ப நேரம் வெளியே உக்காந்துட்டாங்க. வெளிய இருந்து டீம் மொத்தமா போட்ட மூணு பாயின்டர் இருபதுக்கு நாலு. ரீபவுண்ட் எடுத்துத் திரும்பப் போட்டாலும் அதே கூட்டத்துக்குள்ளதான் போடணும். கிளார்க் 41 பாயின்ட்.

லோக்கல் டீம்ல கோச் பண்றவங்க இதைக் குறிச்சுக்கங்க. ஷாட் இல்லாத ஆளை எதிராளி விட்டுட்டான்னா கைல இருக்கற வழி கொஞ்சம்தான். அவங்களை மூலையில சும்மா நிறுத்தாம பந்து வச்சிருக்கறவங்களுக்கு ஸ்கிரீன் வைக்கச் சொல்லலாம், அதாவது எதிராளி வழியை உடம்பால மறிச்சு நிக்கச் சொல்லலாம். அவங்க மேல ஆள் இல்லாததால ஸ்கிரீனைத் தாண்டி வர்ற ஷூட்டர் முன்னாடியும் யாரும் இருக்க மாட்டாங்க. இல்ல, கூடைக்குப் பின்னாடி இருக்கற பேஸ்லைன் ஓரமா வெட்டி ஓடவிடலாம். இல்ல, பெஞ்ச்ல உக்கார வைக்கலாம், ஆனா ரேவன் டீமோட நல்ல டிஃபெண்டர், எடுத்தா கிளார்க்கை யார் பிடிக்கறது? இதெல்லாம் மேட்ச் நடக்கறப்போ ஒட்டுற பிளாஸ்திரி. நிஜமான வைத்தியம் சீசன் முடிஞ்ச அப்புறம்தான்.

அந்த வைத்தியம் என்னன்னா, டிஹீனா பாவ்பாவ்ங்கற கார்டை ஓரிகன் யுனிவர்சிட்டில இருந்து டிரான்ஸ்ஃபர்ல கொண்டு வந்தாங்க. அந்த சீசன்ல அவங்க மூணு பாயின்டர் 46 சதவீதத்துக்கு மேல, நாட்டுலயே முதலிடம். ரேவனை ஒதுக்கல, அவங்க ஷாட்டையும் சரி பண்ணாங்க. பாஸ்டன் உட்பட அஞ்சு பேர் டபிள்யூஎன்பிஏ டிராஃப்ட்ல (லீக் டீமுங்க புது ஆளுங்களைத் தேர்ந்தெடுக்கறது) போயிட்டாங்க, ஆரம்ப அஞ்சு பேருமே புதுசு. சென்டர் இடத்துல கமிலா கார்டோசோ, பிரேசில்காரங்க, ஆறடி ஏழு அங்குலம், ரெண்டு வருஷம் பாஸ்டனுக்குப் பின்னாடி பெஞ்ச்ல இருந்து வந்தவங்க.

2024 ஏப்ரல் 7, க்ளீவ்லண்ட், ஃபைனல். மறுபடியும் அயோவா. ஆரம்பமே அயோவா 10-0. கிளார்க் முதல் குவார்ட்டர்ல மட்டும் 18 பாயின்ட், 27-20. இங்க பயந்து டைம்அவுட் மேல டைம்அவுட் எடுக்கற கோச்சுங்க உண்டு. ஸ்டேலி என்ன பண்ணாங்கன்னா, ஆளை மாத்திக்கிட்டே இருந்தாங்க.

கணக்கு போடுங்க. அஞ்சு பேர், நாப்பது நிமிஷம், மொத்தம் இருநூறு நிமிஷம். பத்து பேர் பங்கு போட்டா ஆளுக்கு இருபது. எதிராளியோட அஞ்சு பேர் முப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல ஓடறாங்கன்னா, மூணாவது குவார்ட்டர்ல அவங்க கால் போயிடும். கால் போனா முதல்ல குறையறது ஷாட் இல்ல, பாக்ஸ் அவுட். ரிங்ல பந்து பட்டதும் எதிராளியை முதுகுல தாங்கி வெளிய தள்ளி நிக்கணும்ல, அந்த ரெண்டு ஸ்டெப் எடுக்கத் தெம்பு இருக்காது. ஃபவுலும் அப்படித்தான். அஞ்சு ஃபவுல்ல வெளிய. பத்து பேர் இருந்தா தைரியமா ஒட்டி ஆடலாம்.

பாதி ஆட்டத்துல சவுத் கரோலினா 49-46 முன்னால. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ரேவன், அதே ரேவன், கிளார்க் கையில இருந்து பந்தைப் பறிச்சு, ஓடிப் போய் கூடைக்குப் பக்கத்துல லேஅப் போட்டாங்க. முடிவு 87-75. ரீபவுண்ட் 51-29. பெஞ்ச்ல இருந்து வந்த டெஸ்ஸா ஜான்சன் 19, அவங்க முதல் வருஷ மாணவி. கார்டோசோ 15 பாயின்ட், 17 ரீபவுண்ட். ஆனா நான் பாக்கச் சொல்ற எண் இது: பெஞ்ச் பாயின்ட், அதாவது மாத்து ஆளுங்க போட்டது, 37-0. அயோவாவோட 75ம் ஆரம்ப அஞ்சு பேரே போட்டது. சீசன் 38-0.

ஒரு சின்ன விஷயம், நம்ம ஊர்ல ஆடறவங்களுக்கு. மூணு பாயின்ட் கோடு அங்கயும் இங்கயும் ஒண்ணுதான், 6.75 மீட்டர். ஷாட் கிளாக்தான், அதாவது ஷாட் போடக் கிடைக்கற நேரம்தான் வேற. நமக்கு 24 செகண்ட், அவங்களுக்கு 30. அந்த ஆறு செகண்ட் அதிகம்னா டிஃபென்ஸ் இன்னும் நேரம் நிக்கணும், அதனால பெஞ்ச் அங்க இன்னும் பெருசா வேலை செய்யுது. அப்படியே காப்பியடிச்சா இங்க பலிக்காது.

அவங்க சம்பளத்தையும் சொல்லிடறேன். 2025 ஜனவரியில போட்ட ஒப்பந்தம், வருஷத்துக்கு நாப்பது லட்சம் டாலர், பெண்கள் காலேஜ் பாஸ்கெட்பால்ல அப்போ அதுதான் உச்சம். 10-18ல ஆரம்பிச்ச கோச்!

ஆனா இந்த முறைக்கும் மருந்து உண்டு. 2025 ஃபைனல்ல யூகான்கிட்ட (கனெக்டிகட் யுனிவர்சிட்டி) 82-59னு தோத்தாங்க. யூகானோட அசி ஃபட் 24, சாரா ஸ்ட்ராங் 24 பாயின்ட்டோட 15 ரீபவுண்ட். பத்து பேரை மாத்தி மாத்தி இறக்கறது எதிராளி களைக்கறப்போதான் பலிக்கும். எதிராளி களைக்காம, உங்க பத்துல ஒருத்தருக்குக் கூட ஷாட் விழலன்னா, மாத்தறது வெறும் மாத்தறதுதான்.

அடுத்த தடவை அவங்க மேட்ச் பாக்கறப்போ பந்தைப் பாக்காதீங்க. முதல் குவார்ட்டர்ல எத்தனாவது நிமிஷம் முதல் ஆள் மாத்துறாங்கன்னு ஒரு பேப்பர்ல குறிச்சு வைங்க, உள்ள வந்தது கார்டா, உயரமான ஆளா, அதையும் எழுதுங்க. நாலு மேட்ச் குறிச்சதும் கமெண்ட்ல போடுங்க, வச்சுப் பேசுவோம்.