காம்பில்லாத இலை

எல்லோருக்கும் வணக்கம். வரும் வழியில் வரப்பில் இறங்கி இந்த ஒரு சம்பா நெல் தூரைப் பிடுங்கி வந்துவிட்டேன். வயலுக்குச் சொந்தக்காரர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஐயா மன்னிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இலைப் படம் வரையாதவர் யாரும் இருக்க முடியாது. செம்பருத்தி இலை. காம்பு, நடுநரம்பு, கிளை நரம்பு, இலைத்தாள் என்று அம்புக்குறி போட்டால் மதிப்பெண். நானும் வாத்தியாராக இருந்த காலமெல்லாம் அதைத்தான் கரும்பலகையில் வரைந்தேன். ஒருநாள் கடைசி பெஞ்சுப் பையன் ஜன்னலைக் காட்டி, “நெல்லுக்குக் காம்பு எங்க சார்?” என்று கேட்டான். வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். பதில் சொல்ல எனக்கு மறுநாள் வரை ஆயிற்று.

நெல் இலைக்குக் காம்பு கிடையாது, உறைதான். இதோ பாருங்கள், தண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. இளம்பயிரில் தண்டு என்று நாம் பிடிப்பதே இந்த உறைகளின் சுருள்தான். வாழையும் இதே கதை. பூக்கட்ட நார் உரிக்கிறோமே, அந்தப் பட்டை ஒவ்வொன்றும் ஓர் இலையின் அடிப்பாகம். ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற அந்த ‘மரம்’ முழுக்க இலையடிதான். நாம் கூட்டு வைத்துச் சாப்பிடுகிற வாழைத்தண்டுதான் நிஜமான தண்டு. அதுவும் தார் போடுகிற சமயத்தில்தான் நடுவே ஏறி வரும்.

உறையும் இலைத்தாளும் சேருகிற மடிப்பைப் பிரித்தால் வெள்ளையாக ஒரு சவ்வு தெரியும். அதற்கு நா என்று பெயர். அதன் இரண்டு பக்கமும் பூனைமயிர் வைத்த சின்னக் காதுகள். நாற்றங்காலில் குதிரைவாலிப் புல்லும் நெல்லும் ஒரே அச்சு. ஆனால் அந்தப் புல்லுக்கு நாவும் இல்லை, காதும் இல்லை. சந்தேகம் வந்தால் மடிப்பைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

சரி, நுனிக்கு வருவோம். விடிகாலையில் நெல் இலை நுனியில் முத்து முத்தாக நிற்பதைப் பனி என்கிறோம். இலை முழுக்கப் பூத்தாற்போல் படிந்தால் அது பனி. நுனியில் மட்டும் உருண்டு நிற்பது பயிர் உள்ளிருந்து தள்ளிய தண்ணீர். இராத்திரியில் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், வேர் உறிஞ்சுவதை நிறுத்தாது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் நரம்பு வழியே ஏறி, நுனியிலும் ஓரத்திலும் இருக்கிற நீர்த்துளைகளில் கசிகிறது. இலைத்துளைக்குக் கதவு மாதிரி இரண்டு காப்புச் செல்கள் உண்டு. நீர்த்துளைக்கு அப்படித் திறந்து மூடும் கதவு இல்லை. பாக்டீரியா இலைக்கருகல் நோய் நுழைகிற முக்கியமான வாசல் அதுதான். அதனால்தான் கருகல் பெரும்பாலும் நுனியில் தொடங்கி, ஓரம் வழியாக அலை அலையாக இறங்குகிறது. யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் இன்னும் வேகமாக இறங்கும்.

வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடைக்காரர்களுக்கு அடுத்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. முறை வைத்து விடுகிற தண்ணீர் தவறினால் இலை ஈர்க்கு மாதிரி சுருண்டுவிடும். மேல்தோலில் வரிசையாக இருக்கிற பெரிய செல்கள் தண்ணீரை இழந்து சுருங்குவதால் தாள் உள்பக்கமாக மடிகிறது. வெயில் படுகிற பரப்பு குறைகிறது, உள்ளே இருக்கிற ஈரம் கொஞ்சம் தங்குகிறது. தண்ணீர் வந்ததும் விரிந்துகொள்ளும். பயிர் செத்துவிட்டதென்று அவசரப்பட வேண்டாம்.

கார்த்திகை வெள்ளத்தில் கதை தலைகீழ். அப்போது ஊரில் கேட்கிற முதல் கேள்வி, “நுனி தெரியுதா?” என்பதுதான். குளத்து அல்லிக் காம்பை உடைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வருமே, அதுபோல நெல்லின் உறைக்குள்ளும் தண்டுக்குள்ளும் காற்றறைகள் உண்டு. சேற்றில் காற்றில்லாமல் கிடக்கிற வேருக்கு இலை வழியாகத்தான் மூச்சு இறங்குகிறது. வெயிலில் சோறு சமைப்பது மட்டுந்தான் இலையின் வேலை என்று சொல்லிக்கொடுத்தோம், இதைச் சொல்லவில்லை. நாலு விரற்கடை நுனி வெளியே நின்றாலும் அந்தக் குழாய் வேலை செய்யும். முழுக்க மூழ்கி நாள் கணக்கில் கிடந்தால்தான் அழுகல்.

கதிருக்குக் கீழே கடைசியாக வருகிற கண்ணாடி இலையைப் பற்றி ஒரு வார்த்தை. மணியில் பால் ஏறுகிற நாட்களில் அதிகம் உழைக்கிற இலைகளில் அது ஒன்று. அந்த நேரத்தில் அது பழுத்தால் பதர் கூடும்.

முன்வரிசை ஐயா கை தூக்குகிறார். தாளடி, அதாவது இரண்டாம் போக நெல் நாற்றை நுனி கிள்ளி நடலாமா என்கிறார். குருத்துப்பூச்சி நுனிப்பக்கமாக முட்டைக் குவியல் வைக்கும், அதற்காகக் கிள்ளச் சொல்வார்கள். ஆனால் கிள்ளிய காயம் கருகல் கிருமிக்கு இன்னொரு வாசல். போன வருடம் உங்கள் வயலில் கருகல் வந்ததா ஐயா? வந்ததா, அப்படியானால் கிள்ள வேண்டாம். முட்டை இருக்கிற நாற்றை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, மற்றதை அப்படியே நடுங்கள்.